வெப்பத்துக்கு வழி விட்டவர்
(சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை சீமோர் கிரே – ஒரு வாழ்க்கை வரலாறு)



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டார். காமராஜர், எடிசன், ஜி.டி.நாயுடு, அப்துல் கலாம் என்று எல்லாரையும் நம் சீனியர்கள் போன மலர்களில் எழுதி முடித்துவிட்டார்கள். அதனால், பழுதாகிப் போன ஒரு கம்ப்யூட்டர் எனக்கு அறிமுகப்படுத்தி வைத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சீமோர் கிரே.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. எனக்கு ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்த கருப்பட்டி அது. எங்க அப்பா பனையேறி. அம்மா விடிலியில் பதநீர் காய்ச்சுவாள். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் பிரிவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. கிடைத்ததோ மெக்கானிக்கல். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம், நமக்கு வாய்த்தது இரும்பும் கரியும்தான், கம்ப்யூட்டர் வேறு யாருக்கோ உள்ளது என்று மனசுக்குள் ஒரு குறை இருந்தது உண்மை.

சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்க ஊரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே தண்ணீர் கூலிங் வைத்த பெரிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. போன சித்திரை மாதம் அதற்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ரெண்டர் போட்ட அரை நிமிஷத்துக்குள் பிராசஸரின் வெப்பம் 98 டிகிரியைத் தொடும். பிறகு மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போகும். சில நேரம் தானாகவே அணைந்துவிடும். நான்கு கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிராசஸரே போயிருச்சு, புதுசு மாத்தணும், முப்பதாயிரம் ஆகும் என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நான் பாத்துத் தாரேன் அண்ணாச்சி என்று வாய் விட்டுவிட்டேன். பாரு, ஆனா ஏதாவது உடைஞ்சா உன் சம்பளத்தில பிடிச்சிருவேன் என்றார் முதலாளி அண்ணாச்சி. அந்தச் சம்பளம்தான் என்னுடைய அடுத்த செமஸ்டர் ஃபீஸ்.

மூன்று தடவை கழற்றித் துடைத்து, தெர்மல் பேஸ்ட் தடவி மாட்டினேன். 98 டிகிரி 98-ஆகவே இருந்தது. மறுநாள் வகுப்பில் நான் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எங்கள் குளிர்பதனவியல் சார் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், சீமோர் கிரேயைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். படித்தேன். அந்தக் கதைதான் இது. கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

சீமோர் கிரே 1925-ம் ஆண்டு செப்டம்பர் 28-ம் தேதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பிவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். உடன்குடியை உலக வரைபடத்தில் தேடினால் எப்படியோ, அப்படி ஒரு ஊர் அது. தகப்பனார் சிவில் எஞ்சினியர். மகனுடைய ஆர்வத்தைக் கண்டு வீட்டின் நிலவறையை அவனுக்கே விட்டுக் கொடுத்தார். பத்து வயதில், விளையாட்டு இரும்புத் துண்டுகளை வைத்து, துளையிட்ட காகித நாடாவை மோர்ஸ் ஒலியாக மாற்றும் கருவி ஒன்றை அந்தப் பையன் செய்துவிட்டான்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இராணுவத்தில் ரேடியோ பிரிவில் சேர்க்கப்பட்டார். முதலில் ஐரோப்பாவில் வேலை. பிறகு பிலிப்பைன்ஸில் ஜப்பானியரின் இரகசியச் சங்கேதங்களை உடைக்கும் பணி. போர் முடிந்து திரும்பியவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்தார். 1951-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். கையும் கணக்கும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டன.

வேலையும் வேகமும்

செயிண்ட் பால் நகரில் இ.ஆர்.ஏ. என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய மரக்கிளைடர் விமானத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நடந்த கம்பெனி அது. வெற்றிடக் குழாய்களால் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த காலம். இ.ஆர்.ஏ. பெரிய கம்பெனிகளின் கைக்கு மாறியதும், அதிலிருந்து பிரிந்த வில்லியம் நோரிஸ் என்பவர் 1957-ல் கண்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சுருக்கமாக சி.டி.சி. கிரே அதில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் வடிவமைத்த 1604 என்ற கம்ப்யூட்டர் 1960-ல் வெளிவந்தது. வெற்றிடக் குழாய்க்குப் பதில் டிரான்சிஸ்டரால் ஆனது. இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த 3600 என்ற மாடல்தான் 1964-ல் நம் நாட்டுக்கு வந்து, பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நிறுவப்பட்டது.

கிரேக்கு ஒரே ஒரு ஆசைதான். உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டரைத் தான் செய்ய வேண்டும். கூட்டம், பேச்சு, அறிக்கை எதுவும் அவருக்குப் பிடிக்காது. தொந்தரவு தாங்காமல் 1962-ல் சொந்த ஊரான சிப்பிவா ஃபால்ஸுக்கே ஆய்வுக்கூடத்தை மாற்றிக்கொண்டு போனார். பகலில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும்தான் அவருடைய ஆயுதங்கள்.

எதிரியின் பெயர் வெப்பம்

இந்த இடத்தில் நாம் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு நானோ செகண்டு என்றால் ஒரு செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளிகூட சுமார் 30 செ.மீ.தான் ஓடும். ஒயருக்குள் ஓடும் மின்சிக்னல் அதைவிடக் குறைவு. ஆகவே கம்ப்யூட்டர் வேகமாக வேண்டுமென்றால் ஒயர் குட்டையாக வேண்டும். ஒயர் குட்டையாக வேண்டுமென்றால் பாகங்களை நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கி வைத்தால்? விடிலிக்குள் பத்து அடுப்பை மூட்டி வாசலைச் சாத்தின கதைதான். வேகத்தைத் தேடிப் போகிறவன் வெப்பத்தின் வாயில் போய் விழுகிறான்.

கிரே இதை மற்றவர்களுக்கு முன்னாலேயே புரிந்துகொண்டார். கம்ப்யூட்டரைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் ஃபேன் மாட்டுகிற வேலை அவரிடம் கிடையாது. முதல் தாளில் படம் போடும்போதே வெப்பம் எந்த வழியாக வெளியே போகும் என்பதும் அதில் இருக்கும்.

1964-ல் வெளிவந்த சி.டி.சி. 6600 இதற்குச் சாட்சி. இரண்டு சர்க்யூட் போர்டுகளை எதிர் எதிராக வைத்து, நடுவில் பாகங்களை அடுக்கிய மாட்யூல்கள். ஏறக்குறைய நான்கு லட்சம் டிரான்சிஸ்டர்கள். காற்று ஊதி மாளாது என்று தெரிந்துகொண்டு, அலமாரிக்குள்ளேயே ஃப்ரியான் குழாய்களை ஓடவிட்டார்கள். அதாவது ஃபிரிட்ஜில் ஓடுகிற அதே சுழற்சி! இந்த வேலையைச் செய்த டீன் ரௌஷ் என்பவர், ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனியிலிருந்து வந்தவர். நம் மெக்கானிக்கல் மாணவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

6600 அன்றைய உலகத்தின் அதிவேகக் கம்ப்யூட்டர் ஆனது. அது அறிவிக்கப்பட்டபோது ஐ.பி.எம். தலைவர் வாட்சன் தம் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். துப்புரவுத் தொழிலாளி உட்பட வெறும் 34 பேர் இருக்கிற ஒரு கூடத்திடம் நாம் எப்படித் தோற்றோம் என்பதுதான் அதன் சாரம். ஆள்பலம் பெரிதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தோல்வி

பெரியவர்கள் கதை என்றால் வெற்றி மேல் வெற்றி என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. கிரேயும் தோற்றார்.

1969-ல் வந்த 7600 இன்னும் வேகம். ஆனால் அடிக்கடி பழுதாகும். அடுத்து 8600 என்று ஒன்றை ஆரம்பித்தார். நான்கு 7600-களின் பலத்தை ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டும் என்பது திட்டம். போர்டுகளை அடுக்கடுக்காக நெருக்கினார். பாகங்கள் பல்லாயிரம். ஒன்று போனாலும் முழுவதும் நின்றுவிடும். வெப்பமும் அடங்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். முழுவதையும் மறுபடி முதலிலிருந்து வடிவமைக்க வேண்டும் என்று கிரே கேட்டார். கம்பெனியில் பணம் இல்லை என்றார் நோரிஸ்.

வருஷக்கணக்கில் உழைத்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு 1972-ல் கிரே வெளியேறினார். அப்போது வயது 46. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அவர் தொடங்கிய கிரே ரிசர்ச் என்ற புதுக் கம்பெனியில் சி.டி.சி.யே பணம் போட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆகாது என்று தெரிந்த வழியை விடுவதும் ஒரு துணிச்சல்தான். மூன்று தடவை பேஸ்ட் தடவின எனக்கு இந்த இடம் சுருக்கென்று தைத்தது.

கிரே-1: ஒரு வெல்டிங் கதை

நாலு வருஷ உழைப்பில் கிரே-1 பிறந்தது. 1976-ல் முதல் மெஷின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆறு மாத வெள்ளோட்டத்துக்குப் போனது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில சி எழுத்து போல வளைந்த கோபுரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் மெத்தை போட்ட திண்ணை. திண்ணைக்குள் பவர் சப்ளை! உட்கார அழகாக இருந்தாலும், வளைவு அழகுக்காக வைத்தது அல்ல. வளைத்தால்தான் உள்பக்கத்தில் ஒயரின் நீளம் 4 அடிக்கு மேல் போகாது. எடை சுமார் 5 டன். 80 மெகாஹெர்ட்ஸ் வேகம். உச்ச நிலையில் செகண்டுக்கு 16 கோடிக் கணக்குகள். தின்கிற மின்சாரம் சுமார் 115 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 115-ஐ ஒரே நேரத்தில் ஒரு சின்ன அறைக்குள் சூடுபோட்டால் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு.

அந்த வெப்பம் எப்படி வெளியேறியது? இதைத்தான் எங்க சார் படிக்கச் சொன்னார். வரிசையாகப் பாருங்கள். சிப்பில் பிறந்த வெப்பம் போர்டுக்கு வரும். இரண்டு போர்டுகளுக்கு நடுவே ஒரு செப்புத் தகடு. போர்டிலிருந்து செப்புக்கு. செப்புத் தகட்டின் ஓரம் அலுமினியத் தூணின் பள்ளத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும். செப்பிலிருந்து அலுமினியத்துக்கு. அந்தத் தூணுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். குழாயில் ஃப்ரியான். ஃப்ரியான் வெப்பத்தை வாங்கி ஆவியாகி, கம்ப்ரசருக்குப் போய், அங்கே தண்ணீரிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி திரும்பும். கை மாற்றிக் கை மாற்றிச் செங்கல் கடத்துகிற மாதிரி. வரிசையில் ஒரே ஒரு ஆள் கையை எடுத்துவிட்டாலும் செங்கல் அங்கேயே குவிந்துவிடும்.

அப்படித்தான் ஒரு ஆள் கையை எடுத்தார். கம்ப்ரசர் தேயாமல் ஓட ஃப்ரியானோடு எண்ணெய் கலந்திருக்கும் என்பது நமக்குப் பாடத்தில் உண்டு. குழாய் இணைப்புகளின் நுண்ணிய கசிவு வழியாக அந்த எண்ணெய் பனிப்புகை போல வெளியேறி, போர்டுகள் மேல் படிந்து, கடைசியில் ஷார்ட் ஆக்கியது. முதல் மெஷின் ஆறு மாதம் தாமதமானது! உலகத்தின் அதிவேகக் கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தது கணக்குப் பிழை அல்ல, சிப் பிழை அல்ல. குழாயின் இணைப்பு. எஃகுக் குழாயைக் கசிவே இல்லாமல் பற்றவைக்கப் புது வெல்டிங் முறைகளைக் கையாண்ட பிறகுதான் கிரே-1 ஓடியது.

நண்பர்களே, இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பட்டறையில் முகத்தில் புகையடிக்க நின்று பழகுகிற வெல்டிங், சூப்பர் கம்ப்யூட்டரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்றால், இரும்பும் கரியும் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம்!

அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம் 1977-ல் 88 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு கிரே-1 வாங்கியது. 80-க்கும் மேற்பட்ட மெஷின்கள் விற்றன.

கிரே-2: திரவத்தில் மூழ்கிய கம்ப்யூட்டர்

அடுத்த மெஷினில் எட்டுப் போர்டுகளை ஒரே கட்டாக அடுக்கினார். நடுவே செப்புத் தகடு வைக்க இடமே இல்லை. பழைய வழி அடைபட்டது. அப்போது கிரே என்ன செய்தார் தெரியுமா? முழுக் கம்ப்யூட்டரையும் திரவத்துக்குள்ளேயே மூழ்கடித்துவிட்டார்!

தண்ணீர் அல்ல. ஃப்ளோரினெர்ட் என்று பெயர். மின்சாரத்தைக் கடத்தாத திரவம். அதைப் பம்ப் போட்டுப் போர்டுகளுக்கு இடையே ஓடவிட்டு, சூடானதை வெளியே கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரால் ஆற்றி, மறுபடி உள்ளே விட்டார்கள். 1985-ல் வந்த கிரே-2 பார்ப்பதற்குக் கண்ணாடி மீன்தொட்டி மாதிரி இருக்கும். குமிழிகள் என்று செல்லப் பெயரும் வைத்தார்கள். நான்கு பிராசஸர்கள். உச்சத்தில் செகண்டுக்கு சுமார் 190 கோடிக் கணக்குகள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கின்றன என்று 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. ஃப்ளோரினெர்ட் தயாரித்த 3எம் கம்பெனியும் அந்த வகை ரசாயனங்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. வெப்பத்தை ஓர் இடத்திலிருந்து வெளியேற்றினால் அது எங்கேயோ போய்ச் சேரத்தான் செய்யும். அதையும் யோசிக்க வேண்டியது நம் தலைமுறையின் பாடம்.

டெல்லிக்கு வந்த கிரே

கிரேயின் கம்பெனிக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பருவமழையை முன்கூட்டிக் கணிக்க டெல்லியில் 1988-ல் ஒரு தேசிய மையம் அமைக்கப்பட்டது. அங்கே 1989-ல் கிரே எக்ஸ்-எம்பி கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. இது கிரே-1-இன் வாரிசு. வடிவமைத்தவர் அதே கம்பெனியைச் சேர்ந்த ஸ்டீவ் சென். இதைவிடப் பெரிய மெஷின் தர அமெரிக்கா தயங்கியது. நாமே செய்வோம் என்று 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டு, 1991-ல் பரம் 8000 வெளிவந்தது நாம் எல்லாரும் பெருமைப்படும் வரலாறு. மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துப் பனை ஏறுகிற எங்க அப்பாவுக்கும், சிப்பிவா ஃபால்ஸ்காரருக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

கடைசி நாட்கள்

1989-ல் கிரே தம் பெயரிலேயே இருந்த கம்பெனியை விட்டுப் பிரிந்து, கொலராடோ ஸ்பிரிங்ஸில் கிரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று இன்னொன்றை நடத்தினார். சிலிக்கனுக்குப் பதில் காலியம் ஆர்சனைடு சிப்புகளால் கிரே-3 செய்தார். 1993-ல் ஒரே ஒரு மெஷின்தான் வெளியே போனது. பனிப்போர் முடிந்து அரசாங்கப் பணம் குறைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மலிவு பிராசஸர்களைச் சேர்த்துக் கட்டும் முறையும் வந்துவிட்டது. 1995 மார்ச்சில் கம்பெனி திவாலானது.

70 வயதில் வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கிரே 1996-ல் மறுபடியும் ஒரு புதுக் கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி அவர் சென்ற ஜீப் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. இரண்டு வாரம் போராடி, அக்டோபர் 5-ம் தேதி 71-வது வயதில் காலமானார்.

அவர் ஓய்வு நேரத்தில் தம் வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். வழி இல்லாத இடத்தில் வழி தோண்டுவதுதானே அந்த மனிதரின் வாழ்நாள் வேலை!

98 டிகிரி என்ன ஆயிற்று?

இதைப் படித்துவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனேன். இந்த முறை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவில்லை. தாளும் பென்சிலும் எடுத்தேன். வெப்பம் போகிற வழியை வரிசையாக எழுதினேன். பிராசஸர். தெர்மல் பேஸ்ட். செப்புத் தகடு. உள்ளே ஓடும் திரவம். பம்ப். ரப்பர் குழாய். ரேடியேட்டர். ஃபேன். அறைக் காற்று. மொத்தம் ஒன்பது ஆட்கள். இதில் யார் கையை எடுத்தது?

ரெண்டர் போட்டேன். 98 வந்தது. கையை ரேடியேட்டர் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது! குழாய் இரண்டையும் தொட்டேன். சூடே இல்லை. பிராசஸர் கொதிக்கிறது, ரேடியேட்டர் குளிர்ந்திருக்கிறது. அப்படியானால் வெப்பம் நடு வழியில் நிற்கிறது. பேஸ்ட்டும் ஒட்டுதலும் சரி என்று மூன்று தடவை கழற்றியபோதே பார்த்தாயிற்று. மிச்சம் பம்ப்தான். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பம்ப் அரைகுறையாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. யாரோ மெஷினைத் துடைத்து மாட்டும்போது பம்ப் ஒயரை சாதாரண ஃபேனுக்கான முனையில் செருகியிருக்கிறார்கள். அந்த முனை சத்தத்தைக் குறைக்க வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிறது. கரண்டை அணைத்து, ஒயரை பம்ப்புக்கு உரிய முனைக்கு மாற்றி, முழு வேகம் என்று வைத்தேன்.

98 இறங்கி 84 ஆனது. ரேடியேட்டரும் சூடாக ஆரம்பித்தது. வெப்பம் அதுவரை வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்! ஆனால் இருபது நிமிஷத்தில் 84 மெல்ல மெல்ல ஏறி 91-க்குப் போனது. சட்டென்று ஏறினால் பிராசஸர் பக்கத்தில் பழுது. மெதுவாக ஏறினால் காற்றுப் பக்கத்தில் பழுது. இதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். ரேடியேட்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்க ஊர்த் தேரிக்காட்டுச் செம்மண் தூசி இடுக்கெல்லாம் செங்கல் சுவர் மாதிரி அப்பியிருந்தது. ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ஊதியும் மெல்லிய தூரிகையால் தட்டியும் எடுத்தேன். 72-ல் வந்து நின்றது. சித்திரை வெயிலில் 72 என்றால் போதும். அறைக்காற்றை விடக் குளிராக ஆக்க இந்த வகைக் கூலிங்கால் முடியாது. அதையும் அண்ணாச்சியிடம் சொல்லி, ஜன்னல் பக்கம் அடைத்து வைத்திருந்த பெட்டிகளை எடுக்கச் சொன்னேன்.

பைசா செலவில்லை. நான்கு கல்யாணமும் ஓடி முடிந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தை முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டு, மெஷினை இனிமேல் நீயே பாத்துக்கோ என்றார். அது போதும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் அவளுக்குத் தெரியாது. பொங்கி வருகிற பதநீரைப் பார்த்துக்கொண்டே, சூட்டுக்குப் போக்கிடம் வேணும்லா, இல்லாட்டி அடி பிடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தாள். சீமோர் கிரே நாற்பது வருஷமாகச் செய்ததை எங்க அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

நண்பர்களே! இன்றைக்குப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் எல்லாம் மறுபடியும் திரவக் கூலிங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே குழாய் போடவும், கசிவு பார்க்கவும், பம்ப் பார்க்கவும், வெல்டிங் வைக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று நமக்குள் உயர்வு தாழ்வு பேச ஒன்றுமில்லை. வெப்பத்தைக் கை மாற்றிக் கடத்தும் வரிசையில் எல்லாருக்கும் ஒரு இடம் உண்டு. நம்மிடம் வந்த செங்கலைக் கீழே போடாமல் அடுத்தவர் கையில் கொடுப்போம்.

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், உடன்குடி